பழைய கைவேலைத் தொலைநோக்கியை மீண்டும் வானம் பார்க்க வைப்பது எப்படி?

யாரோ ஒருவர் பல மாதம் உட்கார்ந்து கையால் தேய்த்த ஆடி. பலகையை அறுத்து அடித்த சதுரக் குழாய். தண்ணீர்க் குழாய் இணைப்புகளைத் திருகிச் செய்த தாங்கி. இப்படி ஒரு தொலைநோக்கி பரணிலோ, ஆய்வகத்தின் மூலையிலோ பல வருடம் கிடந்துவிட்டு உங்கள் கைக்கு வந்திருக்கலாம். அதைப் பார்த்ததும் இரண்டு எண்ணங்கள் வரும். இது இனித் தேறாது என்பது ஒன்று. எல்லாவற்றையும் கழற்றிப் புத்தம் புதிதாக்கிவிடலாம் என்பது இன்னொன்று. இரண்டையும் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள்.

நான் முதன்முதலில் சீர்செய்தது 150 மி.மீ. ஆடி கொண்ட ஒரு நியூட்டன் வகைத் தொலைநோக்கி. சுத்தம் செய்து வெளியே வைத்த முதல் இரவில் நட்சத்திரங்கள் எல்லாம் முக்கோணமாகத் தெரிந்தன. ஆடியின் வளைவே தப்பு என்று முடிவுகட்டி, அதை மறுபடி தேய்ப்பதற்குக் கார்போரண்டம் தூள்கூட வாங்கி வைத்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் ஆடியில் ஒரு குறையும் இல்லை. அதை ஓரத்தில் பிடித்திருந்த மூன்று கவ்விகளை நான் கொஞ்சம் அதிகமாக முறுக்கியிருந்தேன். அரைச் சுற்றுத் தளர்த்தியதும் முக்கோணம் போய்ப் புள்ளி வந்தது. அன்று அவசரப்பட்டிருந்தால் இன்னொருவரின் அருமையான வேலையை என் கையாலேயே அழித்திருப்பேன்.

அதனால்தான் இந்த வழிகாட்டியின் வரிசை இப்படி இருக்கிறது: முதலில் ஆடியைப் பத்திரப்படுத்துவது, பிறகு அதைப் பிடித்திருக்கும் எல்லாவற்றையும் சரிசெய்வது, எல்லாம் முடிந்த பிறகே ஆடியைச் சந்தேகப்படுவது.

பிரிப்பதற்கு முன்

முதலில் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழாயின் உட்புறம், ஆடித் தாங்கி, இரண்டாம் ஆடியின் (மேலே சாய்ந்திருக்கும் சிறிய ஆடி) திருகுகள், தாங்கியின் ஒவ்வொரு மூட்டு, எதையும் விடவேண்டாம். ஆடி எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று ஆடியின் பக்கவாட்டிலும் ஆடித் தாங்கியிலும் பென்சிலால் ஒரே கோடாக இழுத்துவையுங்கள். கழற்றும் திருகுகளை இடத்துக்கு ஒரு டப்பா என்று பிரித்து வையுங்கள். கைவேலைச் சாமான்களில் பக்கத்துப் பக்கத்துத் திருகுகள்கூட ஒரே அளவில் இருக்கும் என்று நம்ப முடியாது. செய்தவர் தன்னிடம் இருந்ததைக் கொண்டு செய்திருப்பார்.

ஆடியின் பின்புறத்தையும் குழாயின் உட்புறத்தையும் டார்ச் அடித்துத் தேடிப் பாருங்கள். ஆடி தேய்த்தவர்கள் பின்புறக் கண்ணாடியில் பெயரின் முதலெழுத்து, தேதி, குவியத் தூரம் ஆகியவற்றைக் கீறிவைப்பது பழைய வழக்கம். கிடைத்தால் அப்படியே விடுங்கள். அதன்மேல் பெயின்ட் படக்கூடாது, அதைத் தேய்க்கவும் கூடாது.

இப்போதே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பழைய தொலைநோக்கியோடு சில சமயம் ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் சிறு வில்லைக் குழாய்) திருகி மாட்டும் சிறிய கறுப்புக் கண்ணாடி ஒன்று வரும், சூரியனைப் பார்ப்பதற்காக. அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். பெரிய ஆடி திரட்டிய வெயில் முழுவதும் அந்தச் சின்னக் கண்ணாடியில் விழும்போது அது வெடித்துவிடும். அடுத்த கணம் பார்வை போய்விடும். வேலை நடக்கும் நாட்களிலும் திறந்த குழாயை வெயில் விழும் இடத்தில் வைக்காதீர்கள்.

குழாயில் பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுப் பொடியாக்க வேண்டாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஈரத்தோடு தேய்த்து, கழிவைத் துணியில் ஒற்றி எடுங்கள்.

கையில் இருப்பது என்ன என்று அளந்து தெரிந்துகொள்வது

வீட்டில் செய்த தொலைநோக்கிகளில் பெரும்பாலானவை நியூட்டன் வகை. அடியில் ஒரு குழியாடி, மேலே 45 பாகை சாய்ந்த சிறிய சமதள ஆடி, பக்கவாட்டில் ஐபீஸ். 1668-இல் நியூட்டன் செய்த முதல் தொலைநோக்கியில் இருந்தது உலோக ஆடி. கண்ணாடியைத் தேய்த்து அதன்மேல் வெள்ளி பூசும் வழி 1850-களில்தான் வந்தது. ஒரே ஒரு வளைந்த பரப்பைத் தேய்த்தால் போதும் என்பதால் கைவேலைக்காரர்கள் இந்த வகையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் சொல்லப்போவதும் இதைப் பற்றித்தான்.

ஆடியின் விட்டத்தை அளப்பது சுலபம். குவியத் தூரத்துக்கு எனக்குப் பிடித்த முறை இது: இருட்டறையில் ஆடியை ஒரு மேசையில் நிமிர்த்தி வையுங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டார்ச்சைப் பிடித்து ஆடியை நோக்கியபடி மெல்லப் பின்னால் நகருங்கள். டார்ச்சின் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் டார்ச்சின் தலைகீழ் பிம்பம், டார்ச்சின் அதே அளவில், தாளில் கூர்மையாக விழும். அங்கிருந்து ஆடிவரை உள்ள தூரம் வளைவு ஆரம். அதில் பாதி குவியத் தூரம். 2,400 மி.மீ. வந்தால் குவியத் தூரம் 1,200 மி.மீ. ஆடி 150 மி.மீ. என்றால் 1,200-ஐ 150-ஆல் வகுக்க 8 வரும். இதைத்தான் எஃப்/8 என்கிறோம்.

இந்த எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எஃப்/8 ஆடி நிறையப் பொறுத்துப்போகும். எஃப்/5 ஆடி அப்படி இல்லை. வால் இழுக்காமல் நட்சத்திரம் கூர்மையாகத் தெரியும் வட்டம் எஃப்/8-இல் ஏறக்குறைய 11 மி.மீ. எஃப்/5-இல் அது 3 மி.மீ.க்கும் குறைவு. பின்னால் ஆடிகளை நேராக்கும்போது எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

ஆடியைக் கழுவுதல்

ஆடியின் பளபளப்பு கண்ணாடியின் முன்பரப்பில், திறந்த நிலையில் இருக்கிறது. அலுமினியப் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதன்மேல் உலர்ந்த துணியை வைத்துத் துடைத்தால் தூசியே உப்புத்தாளாக மாறிக் கோடு கிழித்துவிடும். மூச்சை ஊதித் துடைப்பதும் கூடாது.

சரி, எப்படிக் கழுவுவது? மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றிவிடுங்கள். ஒரு பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் தடித்த துண்டை விரித்து, ஆடியை அதன்மேல் வையுங்கள். முதலில் குழாய்த் தண்ணீரை மெல்லிய ஓட்டமாக ஐந்து நிமிடம் விடுங்கள். தளர்ந்த தூசி முக்கால்வாசி இதிலேயே போய்விடும். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்து, கால் மணி நேரம் ஊறவிடுங்கள். வாசனையோ, கைக்கு மென்மை தரும் கிரீமோ சேர்க்காத திரவமாக இருக்கட்டும்.

பிறகுதான் பஞ்சு. மருந்துக்கடைச் சுத்தப் பஞ்சை உருண்டையாக எடுத்து நனைத்து, தண்ணீருக்குள்ளேயே ஆடியின்மேல் அதன் சொந்த எடையில் மட்டும் இழுங்கள். விரலின் அழுத்தம் சேரவே கூடாது. ஒரு இழுப்புக்கு ஒரு உருண்டை, பிறகு தூர எறியுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு, நேராக. வட்டமாகத் தேய்க்க வேண்டாம். பிடிவாதமான கறை இருந்தால் அங்கே நின்று போராடாதீர்கள். ஒரு கறையால் படம் கெடாது, கீறல் விழுந்தால் அது நிரந்தரம்.

குழாய்த் தண்ணீரில் அலசியதும், டிஸ்டில்டு வாட்டரைத் தாராளமாக ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வட்டங்கள் விழும் என்பதால் இது முக்கியம். ஆடியை ஏறக்குறைய செங்குத்தாகச் சாய்த்து வையுங்கள். தங்கிவிட்ட துளிகளை டிஷ்யூ தாளின் முனையால் தொட்டு உறிஞ்சிவிடலாம். சாய்த்து வைத்த ஆடி வழுக்காமல் இருக்க முன்னால் ஒரு தடுப்பு வைக்க மறக்காதீர்கள்.

பூச்சு தேறுமா?

காய்ந்த ஆடியை இருட்டில் ஒரு விளக்கின் முன்னால் பிடித்து, பின்புறத்திலிருந்து பாருங்கள். ஊசித்துளைகள் நட்சத்திரக் கூட்டம்போலத் தெரியும். கொஞ்சம் இருந்தால் கவலையில்லை. கீறல்களும் பார்வைக்குத்தான் பயமுறுத்தும். 50 மி.மீ. நீளமும் 0.1 மி.மீ. அகலமும் உள்ள ஒரு கீறல் மறைப்பது 5 சதுர மி.மீ. 150 மி.மீ. ஆடியின் பரப்போ 17,600 சதுர மி.மீ.க்கும் மேல். கணக்குப் போட்டால் பத்தாயிரத்தில் மூன்று பங்கு. ஓரத்தில் கண்ணாடி பெயர்ந்திருந்தால் அந்தப் பள்ளத்துக்கு மட்டும் மங்கல் கறுப்பு பெயின்ட் தொட்டுவையுங்கள், ஒளி சிதறாது.

பூச்சு பெரிய திட்டுகளாக உரிந்திருந்தாலோ, முழுவதும் பால்போல வெளுத்திருந்தாலோ புதுப் பூச்சு தேவை. பழுப்பும் கறுப்புமாக மாறியிருந்தால் அது வெள்ளிப் பூச்சாக இருக்கக்கூடும். 1930-களில் வெற்றிடத்தில் அலுமினியம் படியவைக்கும் முறை வருவதற்கு முன் எல்லோரும் வெள்ளிதான் பூசினார்கள். அது சில மாதங்களிலேயே கறுக்கத் தொடங்கும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். புது அலுமினியம் ஏறக்குறைய 87 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டு ஆடிகள் என்பதால் கண்ணுக்கு வருவது 76 சதவீதம். இரண்டும் மங்கி 60 சதவீதத்துக்கு இறங்கினால் வருவது 36 சதவீதம்தான். வெளிச்சத்தில் அது 100 மி.மீ. தொலைநோக்கிக்குச் சமம். ஆனால் நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டும் திறன் அப்படியே 150 மி.மீ.க்கு உரியதாகவே இருக்கும். நிலாவுக்கும் கோள்களுக்கும் இரட்டை நட்சத்திரங்களுக்கும் அது தாராளம். ஆகவே பழைய பூச்சோடு முதலில் வானத்தைப் பாருங்கள். ஆடி நன்றாக இருக்கிறது என்று உறுதியான பிறகு பூச்சுக்கு அனுப்புங்கள்.

பழைய படலத்தை நீக்கும் வேலையைப் பூச்சிடுபவரிடமே விடுவது என் யோசனை. காரச் சோடாவில் ஊறவைத்தால் அலுமினியம் போகும், அதிக நேரம் விட்டால் மெருகேறிய கண்ணாடியையும் அது அரிக்கும். அனுப்பும்போது ஆடியின் முகத்தில் எதுவும் படாதபடி ஓரத்தை மட்டும் தாங்கும் பெட்டி செய்யுங்கள். எந்தப் பக்கம் முகம் என்று பெட்டியின்மேல் பெரிதாக எழுதுங்கள். இரண்டாம் ஆடியையும் சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.

ஆடித் தாங்கி: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

பழைய தொலைநோக்கிகளில் நான் பார்த்த குறைகளில் பாதிக்கு மேல் இங்கேதான். நல்ல ஆடியின் பரப்பு, ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குள் சரியாக இருக்க வேண்டும். அதாவது 70 நானோமீட்டர். இந்த அளவில் பார்த்தால் கண்ணாடி இரும்புபோன்ற பொருளல்ல. கவ்வி அழுத்தினால் வளையும், பின்னால் ஒரு மரத்துணுக்கு முட்டினாலும் வளையும்.

ஆடி பின்புறத்தில் மூன்றே புள்ளிகளில், ஒன்றுக்கொன்று 120 பாகை இடைவெளியில் உட்கார வேண்டும். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. நாலாவது கால் வந்தால்தான் ஆட்டம். 150 மி.மீ. அகலமும் 25 மி.மீ. தடிமனும் உள்ள பழைய ஆடிகளுக்கு மூன்று புள்ளி தாராளம். சில பழைய தொலைநோக்கிகளில் ஆடியை முழுப் பலகையில் தார் வைத்து ஒட்டியிருப்பார்கள். அப்படியானால் நெம்பவே கூடாது. மெல்லிய நைலான் நூலை இடையில் விட்டு முன்னும் பின்னும் இழுத்துப் பொறுமையாக அறுத்தெடுங்கள்.

கவ்விகளின் வேலை ஆடி முன்பக்கம் விழாமல் தடுப்பது மட்டும்தான், பிடித்து இறுக்குவது அல்ல. கவ்விக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒரு தடித்த தாள் தாராளமாக நுழைந்து வெளியே வர வேண்டும். பக்கவாட்டிலும் அதே அளவு இடைவெளி. ஆடியை லேசாக அசைத்தால் மிக மெல்லிய டக் ஓசை கேட்க வேண்டும். அந்த ஓசை கேட்டால் எனக்கு நிம்மதி.

தாங்கியில் மூன்று சரிசெய்யும் திருகுகளும் அவற்றைச் சுற்றி ஸ்பிரிங்குகளும் இருக்கும். பழைய ஸ்பிரிங்குகள் தளர்ந்துபோயிருந்தால் குழாயைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் ஆடி நகரும். தயங்காமல் கனமான ஸ்பிரிங்குகளாக மாற்றுங்கள். துருப்பிடித்த போல்ட்டை வேகமாகத் திருகினால் தலை முறிந்துவிடும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு இரவு விட்டுவிடுங்கள். இந்த வேலையெல்லாம் ஆடி வேறு அறையில் இருக்கும்போதுதான். எண்ணெய், பெயின்ட், மரத்தூள் எதுவும் அதன் பக்கம் போகக்கூடாது.

தாங்கியின் பின்புறம் முழுவதும் அடைபட்டிருந்தால் காற்றோட்டத்துக்குத் துளை போடுங்கள். ஆடி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வரும்வரை அதன்மேல் சூடான காற்று நெளிந்துகொண்டே இருக்கும். அதுவரை எந்தப் படமும் நிலையாக நிற்காது.

குழாய்

மரக்குழாயில் வண்டுத் துளைகள் இருந்தால் தட்டிப் பாருங்கள். புதுப்பொடி கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. மருந்து அடித்து, வாடை முழுவதும் போகும்வரை ஆடியை மாட்டாதீர்கள். அட்டைக்குழாய் ஈரத்தில் ஊதிப்போயிருந்தால் காயவைத்து வார்னிஷ் கொடுத்தால் பெரும்பாலும் மீளும். வெளிப்புறத்தைப் பொறுத்தவரை என் கருத்து இதுதான்: செய்தவரின் கைத்தடம் தெரியட்டும். வழவழப்பான புதுப் பெயின்ட்டைவிடச் சுத்தம் செய்து எண்ணெய் பூசிய பழைய மரம் அழகு.

உட்புறம் வேறு. அங்கே நல்ல மங்கல் கறுப்பு அவசியம். சாதாரணக் கறுப்பு பெயின்ட் சாய்வாகப் பார்க்கும்போது பளபளக்கும். ஃபோகஸருக்கு (ஐபீஸைப் பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்திப் படத்தைக் கூர்மையாக்கும் பகுதி) நேரெதிர்ப் பக்கத்திலாவது பெயின்ட் ஈரமாக இருக்கும்போது சலித்த மரத்தூளைத் தூவி, காய்ந்ததும் மேலே இன்னொரு கை கறுப்பு அடியுங்கள். ஐபீஸ் இல்லாமல் ஃபோகஸர் வழியாகப் பார்த்தால் ஆடியின் வட்டத்தைத் தவிர எல்லாம் இருட்டாக இருக்க வேண்டும்.

இரண்டாம் ஆடி

பல வருடத்தில் யாராவது இடையில் இதை மாற்றி, வீட்டுக் கண்ணாடித் துண்டைப் போட்டிருக்கலாம். சோதிப்பது சுலபம். ஒரு தாளின் கூர்முனையை ஆடியின் ஓரத்தில் தொடும் அளவுக்குக் கொண்டுபோங்கள். முனையும் பிம்பமும் ஒன்றையொன்று தொட்டால் பூச்சு முன்பரப்பில் இருக்கிறது, சரியான ஆடி. நடுவில் இடைவெளி தெரிந்தால் பூச்சு பின்னால் இருக்கிறது. அது இரட்டைப் பிம்பம் காட்டும், தட்டையாகவும் இருக்காது. அதை மாற்றித்தான் ஆகவேண்டும்.

அளவுக்குக் கணக்கு உண்டு. இரண்டாம் ஆடியின் நடுவிலிருந்து ஐபீஸின் குவியத்தளம்வரை (பிம்பம் விழும் இடம்) 170 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 150-ஐ 170-ஆல் பெருக்கி 1,200-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 21 மி.மீ. இது நட்சத்திரம் நட்டநடுவில் இருக்கும்போது மட்டும் போதும். நடுவில் 12 மி.மீ. வட்டம் முழு வெளிச்சம் பெற இன்னொரு 10 மி.மீ. சேருங்கள். ஆக, 32 மி.மீ.க்கு அருகில் உள்ள ஆடி பொருந்தும். பெரிய ஆடியின் விட்டத்தில் கால் பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாண்டினால் கோள்களின் நுணுக்கம் மங்கும்.

இதைப் பிடித்திருக்கும் மெல்லிய தகடுகளைச் சிலந்தி என்பார்கள். அவை நேராகவும் இறுக்கமாகவும் இருந்தால் போதும்.

ஃபோகஸரும் ஐபீஸும்

பழைய ஃபோகஸர்களில் 24.5 மி.மீ. துளை இருக்கும், அல்லது கைக்குக் கிடைத்த பித்தளைக் குழாயின் அளவு. இன்று பொதுவான அளவு 31.75 மி.மீ., அதாவது ஒன்றேகால் அங்குலம். நான் பழமையை விட்டுக்கொடுக்கும் ஒரே இடம் இது. பழைய ஃபோகஸரைத் துடைத்துப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு, முடிந்தால் அதே திருகுத் துளைகளிலேயே புதியதைப் பொருத்துங்கள். நல்ல ஐபீஸ் இல்லாமல் நல்ல ஆடியின் அருமை தெரியாது. 1,200 மி.மீ. குவியத் தூரத்துக்கு 25 மி.மீ. ப்ளாசல் வகை ஐபீஸ் 48 மடங்கு காட்டும், 10 மி.மீ. 120 மடங்கு. இந்த இரண்டும் இருந்தால் ஒரு வருடம் ஓட்டலாம்.

ஃபோகஸரை மாற்றியபின் படம் கூர்மைக்கு வரவே மறுக்கலாம். ஃபோகஸரை முழுவதும் உள்ளே தள்ளினாலும் இன்னும் உள்ளே போக வேண்டும்போல இருந்தால், எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தூரம் பெரிய ஆடியை மேலே நகர்த்துங்கள். 20 மி.மீ. குறைந்தால் 20 மி.மீ. மேலே. முதலில் நிலாவைப் பார்த்து அளந்துகொண்டு, பிறகு துளை போடுங்கள்.

தாங்கி

தொலைநோக்கியை நிறுத்தும் தாங்கி தண்ணீர்க் குழாய் இணைப்பில் செய்ததாக இருந்தால் மரைகளை மண்ணெண்ணெயில் கழுவி, கெட்டியான கிரீஸ் வைத்து, முன்னும் பின்னும் ஐம்பது தடவை திருப்புங்கள். வியக்கும் அளவுக்கு மென்மையாகிவிடும். தாங்கியே இல்லாவிட்டாலோ, பலகை உளுத்துப்போயிருந்தாலோ டாப்சன் வகைத் தாங்கி செய்யுங்கள். சான் பிரான்சிஸ்கோவின் தெருவோரங்களில் தொலைநோக்கியை நிறுத்தி, போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு வானம் காட்டிய ஜான் டாப்சன் பரப்பிய எளிய வடிவம் அது. ப்ளைவுட் பெட்டி, சொரசொரப்பான மைக்கா ஒட்டிய அடிப்பலகை, அதன்மேல் வழுக்கும் மூன்று டெஃப்லான் துண்டுகள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் துண்டின் அளவைப் பிடித்தால் அசைவு சரியாக இருக்கும். 20 கிலோ எடைக்கு ஒவ்வொன்றும் 26 மி.மீ. சதுரம்.

குழாயின் எடை சமமாகும் புள்ளியை ஐபீஸும் ஃபைண்டரும் (குறிபார்க்கும் சிறு தொலைநோக்கி) மாட்டிய பிறகே கண்டுபிடியுங்கள். கடைசியாக ஒரு சோதனை: 120 மடங்கில் பார்த்துக்கொண்டே குழாயை விரலால் தட்டுங்கள். ஆட்டம் இரண்டு மூன்று விநாடியில் அடங்கினால் நல்ல தாங்கி.

ஆடிகளை நேராக்குதல்

பெரிய ஆடியின் நடுவில் ஒரு குறி வேண்டும். ஆடியின் அளவுக்கு வட்டமாகத் தாளை வெட்டி நான்காக மடித்து, முனையைச் சிறிதாக நறுக்கி விரித்தால் நடுத்துளை கிடைக்கும். தாளை மெதுவாக ஆடியின்மேல் வைத்து, துளை வழியாக மார்க்கரால் ஒரு புள்ளி. அதைச் சுற்றி, கோப்புத்தாள் துளைக்கு ஒட்டும் சின்ன வளையம். ஆடியின் நடுப்பகுதி இரண்டாம் ஆடியின் நிழலில்தான் இருக்கிறது என்பதால் இந்தக் குறியால் எந்த இழப்பும் இல்லை. பிறகு ஃபோகஸரில் சரியாக நுழையும் ஒரு மூடியின் மையத்தில் 2 மி.மீ. துளை போட்டு மாட்டுங்கள். கண் அந்தத் துளையில்தான் இருக்க வேண்டும்.

முதலில் இரண்டாம் ஆடி ஃபோகஸரின் நடுவில் முழு வட்டமாகத் தெரியும்படி அதை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அடுத்து அதன் சிறு திருகுகளால், பெரிய ஆடியின் நடுக்குறி பார்வையின் நடுவுக்கு வரும்படி சாய்வை மாற்றுங்கள். மூன்றாவதாக, பெரிய ஆடியின் பின்திருகுகளைத் திருப்பி, உங்கள் கண்ணின் பிம்பம் நடுக்குறி வளையத்துக்குள் உட்காரும்படி செய்யுங்கள். வரிசையை மாற்றினால் சுற்றிச் சுற்றி அதே இடத்தில் நிற்பீர்கள். இரண்டாம் ஆடியைத் தொடும்போதெல்லாம் குழாயைக் கிடையாக வையுங்கள். கையிலிருந்து நழுவும் ஸ்பேனர் பெரிய ஆடியின்மேல் விழக்கூடாது.

நட்சத்திரச் சோதனை

இப்போது தொலைநோக்கியை வெளியே கொண்டுபோய் ஒரு மணி நேரம் குளிரவிடுங்கள். உச்சிக்கு அருகில், நடுத்தரப் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை 120 முதல் 150 மடங்கில் பார்வையின் நட்டநடுவில் கொண்டுவாருங்கள். ஃபோகஸை மெல்ல உள்ளே தள்ளினால் நடுவில் கறுப்பு நிழலோடு வளையங்கள் விரியும். நான்கைந்து வளையம் தெரியும்போது நிறுத்திக் கவனியுங்கள். பிறகு வெளிப்பக்கம் அதே அளவு இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, வட்டமாக, நிழல் நடுவில் இருந்தால் உங்களிடம் ஒரு நல்ல ஆடி இருக்கிறது.

நிழல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் நேராக்கல் இன்னும் முடியவில்லை. வளையங்கள் முக்கோணமானால் கவ்விகளைத் தளர்த்துங்கள். என் முதல் இரவின் குறை இதுதான்.

வளையங்கள் முட்டை வடிவமாகி, உள்ளே ஒரு திசையிலும் வெளியே அதற்குக் குறுக்கான திசையிலும் நீண்டால் காரணம் பலவாக இருக்கலாம். முதலில் தலையைச் சாய்த்துப் பாருங்கள். நீட்சியும் கூடவே சாய்ந்தால் குறை உங்கள் கண்ணில். அடுத்து ஐபீஸைச் சுழற்றுங்கள். அதுவும் இல்லையென்றால் பெரிய ஆடியை ஆடித் தாங்கியில் 90 பாகை திருப்பி வைத்து மறுபடி சோதியுங்கள். நீட்சியும் 90 பாகை திரும்பினால் கண்ணாடியிலேயே குறை. அப்படியே நின்றால் ஆடித் தாங்கியோ இரண்டாம் ஆடியோதான் காரணம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ஒவ்வொன்றையும் எழுதிவையுங்கள்.

வளையங்கள் உள்பக்கம் மட்டும் ஓரத்தில் மங்கிப் பிசிறடித்தால் ஆடியின் விளிம்பு சரிந்திருக்கிறது. தேய்ப்பவர்களுக்கு அடிக்கடி வரும் குறை இது. கறுப்பு அட்டையில் ஒரு வளையம் வெட்டி விளிம்பில் 3 மி.மீ. மறைத்துப் பாருங்கள். படம் கூர்மையானால் அந்த வளையமே நிரந்தரத் தீர்வு. விட்டத்தில் 6 மி.மீ. போகும், போகட்டும்.

உள்பக்கம் வெளிவளையம் பளிச்சென்றும் வெளிப்பக்கம் நடுப்பகுதி பளிச்சென்றும் இருந்தால், ஆடி முழுப் பரவளையமாகாமல் (அதுதான் ஆடிக்கு வேண்டிய வளைவு) கோள வடிவத்துக்கு அருகில் நின்றுவிட்டது என்று பொருள். 150 மி.மீ. எஃப்/8 ஆடி கோளமாகவே இருந்தாலும், திரும்பி வரும் ஒளியில் அதன் பிழை அலைநீளத்தில் கால்பங்கு என்ற வரம்பை (பரப்பில் பார்த்தால் முன்பு சொன்ன எட்டில் ஒரு பங்கு) ஒட்டியே இருக்கும். பல பழைய கைவேலை ஆடிகள் இந்த அளவில் செய்யப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். எஃப்/5 ஆடிக்கு அந்தச் சலுகை கிடையாது.

வேறு வேறு மூன்று இரவுகள், நன்றாகக் குளிர்ந்த ஆடி, தளர்ந்த கவ்விகள், சரியான நேராக்கல், இவ்வளவுக்குப் பிறகும் அதே குறை தெரிந்தால் மட்டுமே ஆடியை மறுபடி மெருகேற்றுவதைப் பற்றி யோசியுங்கள். அதற்கும் முன் 1858-இல் ஃபூக்கோ கண்டுபிடித்த கத்திமுனைச் சோதனையை ஆடி தேய்த்துப் பழகிய ஒருவரோடு உட்கார்ந்து செய்துபாருங்கள். ஒரு சிறு ஒளிப்புள்ளி, ஒரு பிளேடு, இருட்டறை போதும். ஆடியின் மேடுபள்ளம் நிழலாக அப்படியே தெரியும்.

ஆடி தேறியது என்று தெரிந்த இரவில், புனர்பூசத்தின் காஸ்டர் நட்சத்திரம் மேலே இருந்தால் 120 மடங்கில் அதைப் பாருங்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது, நடுவில் மெல்லிய கறுப்பு இடைவெளியோடு இரண்டாகப் பிரிந்து நிற்கும். உள்ளே கொண்டுவந்ததும் ஆடியில் பனி படிந்திருந்தால் துடைக்காதீர்கள். குழாயைக் கிடையாக வைத்து, தானாகக் காய்ந்த பிறகு மூடியைப் போடுங்கள்.